ஊசி போட்டும் செத்துப்போகிற பன்றிகள்

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி முயலிலிருந்து வந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜ் வகை வைரஸை முயலுக்குச் செலுத்துவார்கள். சில நாள் கழித்து முயலைக் கொன்று, மண்ணீரலை எடுத்து அரைத்து, உறையவைத்து உலர்த்திக் குப்பியில் அடைப்பார்கள். ஒரு முயலின் மண்ணீரலில் 50 டோஸ் தேறும். நாட்டுக்கு ஆண்டுக்கு 2.2 கோடி டோஸ் வேண்டும், கிடைப்பதோ 12 லட்சம்தான் என்று மத்திய அரசே 2020இல் கணக்குச் சொன்னது. முப்பது வருடத்துக்கு முன்னால் நிலைமை இதைவிட மேலாக இருந்திருக்க வழியில்லை. கையில் கிடைத்த ஒவ்வொரு டோஸும் பலிக்க வேண்டும் என்ற கவலை எங்கள் தலைமுறை கால்நடை மருத்துவர்களுக்கு அப்படித்தான் தொற்றியது.

2009இல் மனிதர்களுக்குப் பரவிய இன்ஃப்ளுயன்ஸாவுக்கும் பத்திரிகைகள் இதே பெயரை வைத்துவிட்டன. நான் சொல்வது அதுவல்ல. இது பன்றிக்கு மட்டும் வரும், மனிதரைத் தொடாது. காய்ச்சல் அடிக்கும், தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது, காதும் வயிற்றுத் தோலும் நீலம் பாரிக்கும், பின்னங்கால் தள்ளாடும். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து படுத்திருக்கும் குட்டிகளில் நாளுக்கு இரண்டு மூன்று எழுந்திருக்காது.

“ஊசி போட்டும் செத்துப்போச்சு சார்.” காஞ்சிபுரம் பக்கத்திலும் கேட்டிருக்கிறேன், நாமக்கல்லிலும் கேட்டிருக்கிறேன், ஓய்வுபெற்ற பிறகு தனியார் பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்லப் போன இடங்களிலும் கேட்டிருக்கிறேன். இதைச் சொல்பவர் அடுத்து கேட்பதும் ஒன்றேதான்: “இன்னும் கொஞ்சம் பவரா எதையாவது கலந்து போட முடியாதா?” அந்தக் கேள்வியை நான் சிரித்து ஒதுக்கியதில்லை. உலகத்துத் தடுப்பூசி விஞ்ஞானிகளில் பாதிப் பேர் அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால், செத்த பன்றிகளின் பண்ணைகளில் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு போனால், மருந்தில் பவர் குறைந்ததால் செத்தவை கொஞ்சம். மருந்து வேலை செய்ய முடியாதபடி யாரோ குறுக்கே நின்றதால் செத்தவைதான் மிகுதி.

முதலில் குறுக்கே நிற்பது வெயில். உயிருள்ள வைரஸ் தடுப்பூசி என்றால் குப்பிக்குள் இருக்கும் வைரஸ் உயிரோடு இருந்தாக வேண்டும். அன்றைக்கு மாவட்டத் தலைமையிடத்திலிருந்து கிராம மருந்தகத்துக்குத் தடுப்பூசி வருவது பேருந்தில். வாயகன்ற ஃபிளாஸ்க்கில் ஐஸ் நிரப்பி, குப்பிகளைப் பாலித்தீன் பையில் கட்டி உள்ளே இறக்கி, உதவியாளர் மடியில் வைத்துக்கொண்டு வருவார். வழியில் ஐஸ் கரைந்தால் சோடாக் கடையில் வாங்கிப் போடுவார். இந்த விஷயத்தில் அக்கறையான உதவியாளர் ஒருவர் வாய்த்தால் அந்த வட்டாரப் பன்றிகள் பிழைத்தன, அவ்வளவுதான். குப்பியை உப்புநீரில் கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள், ஐஸிலேயே வைத்திருந்து போட்டு முடிக்க வேண்டும். கரைக்கிற நீரும் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். மருந்தை மட்டும் ஐஸில் வைத்துவிட்டு, கரைப்பு நீரை ஜீப்பின் முன்கண்ணாடி ஓரத்தில் வெயிலில் வைத்திருப்பார்கள். தொட்டால் சுடும்.

ஸ்பிரிட்டும் அப்படித்தான். ஊசி போடும் இடத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைப்பது கல்லூரியிலேயே கைக்குப் பழகிவிடும். ஈரம் காயுமுன் ஊசியை ஏற்றினால் வைரஸுக்கு அதுவே எமன். கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்சைச் சூடு ஆறாமல் எடுத்து மருந்தை உறிஞ்சுவதும் அதே கதை. உயிருள்ள தடுப்பூசி போடும் நாளில் ஸ்பிரிட் பாட்டிலை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வேன். தோல் சேறாக இருந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்தால் போதும்.

அடுத்து குறுக்கே நிற்பது யாரும் சந்தேகப்படாத ஆள்: தாய்.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் ஆன்டிபாடிகள் நச்சுக்கொடி வழியாக வந்துவிடுகின்றன. பன்றிக்கு அந்த வழி அடைப்பு. தாயின் ரத்தத்துக்கும் குட்டியின் ரத்தத்துக்கும் நடுவில் ஆறு அடுக்குத் திசு நிற்கிறது, ஆன்டிபாடி அதைத் தாண்டாது. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடையில் வந்து விழும் குட்டிக்கு அந்த நிமிடத்தில் நோய்க்கு எதிராக ஒன்றுமே கிடையாது. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அதுவும் முதல் நாளுக்குள். ஒரு நாள், ஒன்றரை நாள் கடந்தால் குட்டியின் குடல் ஆன்டிபாடியை முழுசாக உறிஞ்சும் சக்தியை இழந்துவிடும். முதல் ஆறு மணி நேரத்தில் வயிறு நிறையக் குடித்த குட்டிக்கும், பலவீனமாகக் கடைசிக் காம்பில் தொங்கிய குட்டிக்கும் வாழ்நாள் முழுக்க வித்தியாசம் தெரியும்.

சரி, நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான். ஆனால் தாய் கொடுத்த அந்த ஆன்டிபாடி, நாம் போடுகிற தடுப்பூசி வைரஸையும் எதிரி என்றே நினைத்துப் பிடித்து அழித்துவிடும். பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்துகொண்டே வரும். தாய்ப்பன்றிக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போடும் நல்ல பண்ணையில்தான் இந்தத் தொல்லை அதிகம். தாயிடம் நிறைய இருந்தால் குட்டிக்கும் நிறையப் போகும், கரையவும் அதிக நாளாகும். திருவள்ளூர் பக்கம் ஒரு பண்ணையில் உரிமையாளர் மிகுந்த அக்கறையோடு 30 நாளிலேயே குட்டிகளுக்குப் போட்டுவந்தார். அத்தனையும் வீண். மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்தபோது குட்டிகள் தாயின் காப்பையும் இழந்திருந்தன, ஊசியின் காப்பையும் பெற்றிருக்கவில்லை. ஊசி போடும் நாளை எட்டு வாரத்துக்குத் தள்ளி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று போட்டோம். அதே மருந்து, அதே கம்பெனி. அதன் பிறகு அந்தப் பண்ணையிலிருந்து காய்ச்சல் என்று எனக்கு அழைப்பு வரவில்லை. எட்டு வாரம் என்பதும் எல்லாப் பண்ணைக்கும் பொருந்தும் வேதவாக்கு அல்ல. வெவ்வேறு வயதுக் குட்டிகளில் ரத்தம் எடுத்து ஆன்டிபாடி அளவு பார்த்து நாள் குறிப்பதே சரி. நம் ஊர்ப் பண்ணையாளர்களில் எத்தனை பேரால் அது முடியும் என்பது வேறு விஷயம்.

நோய் ஏற்கெனவே குடிகொண்டிருக்கும் பண்ணையில் எட்டு வாரம் காத்திருக்க முடியாது. அங்கே ஒரு வழி உண்டு: குட்டி சீம்பாலைத் தொடும் முன்பே ஊசி போட்டுவிடுவது. தாயின் ஆன்டிபாடி உள்ளே வருமுன் தடுப்பூசி வைரஸ் போய்க் காலூன்றிவிடும். எழுதும்போது எளிதாக இருக்கிறது. பன்றிகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடமும் ஆகலாம், முக்கால் மணியும் ஆகலாம். விழுந்த குட்டியை வாய், மூக்கு துடைத்து, கொடியைக் கட்டி அறுத்து, அயோடின் தொட்டு, உடனே சாக்கு விரித்த கூடையில் போட வேண்டும். மேலே நூறு வாட் பல்பு. கூடைக்குள் குட்டிகள் ஒன்றின் முகத்தில் ஒன்று காம்பு தேடி முட்டும். காதோரத்தில் மெல்லிய ஊசியால் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாயிடம் விடாமல் வைத்திருக்க வேண்டும். தாய் உறுமிக்கொண்டே இருக்கும். பனிக்காலமாக இருந்தால் குட்டி குளிர்ந்துபோய், பால் குடிக்கத் தெம்பில்லாமல் செத்துவிடவும் கூடும். ராத்திரி வேலைக்கு நம்பகமான ஆள் இல்லாத இடத்தில் இந்த முறையை நான் சொல்வதே இல்லை.

எந்த ஊசியும் பலிக்காத குட்டிகளும் உண்டு. இதைப் பண்ணையாளருக்குப் புரியவைப்பதுதான் என் அனுபவத்தில் ஆகக் கடினம். சினையாக இருக்கும்போது, குறிப்பாக நடுச்சினையில், வீரியம் குறைந்த பன்றிக் காய்ச்சல் வைரஸ் தாய்க்குத் தொற்றினால் தாய்க்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வயிற்றுக்குள் இருக்கும் குட்டிக்கு அப்போது நோய் எதிர்ப்பு அமைப்பு முழுதாக உருவாகியிருக்காது. வைரஸை அது தன் உடம்பின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டுவிடும். அப்படிப் பிறக்கும் குட்டி பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், கொஞ்சம் வளர்ச்சி குன்றியிருக்கலாம். மூக்குநீரிலும் சாணத்திலும் மாதக்கணக்கில் வைரஸைக் கொட்டிக்கொண்டே திரியும். அதற்கு எந்தத் தடுப்பூசி போட்டாலும், எந்த மருந்தைக் கலந்து போட்டாலும், உடம்பு அசைந்து கொடுக்காது.

ஒரு பண்ணையில் இப்படி ஒரு ஈற்றுக் குட்டிகள். சொந்தக்காரர் ஒரு வயதான அம்மா. “பாவம்யா, நோஞ்சான். பாட்டில் பால் குடுத்துத் தேத்தி எடுத்தேன்” என்று ஒரு குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அதன் ரத்தத்தில் வைரஸ் இருந்தது, ஆன்டிபாடி இல்லை. அந்தக் குட்டிகளையும் தாயையும் கழிக்க வேண்டும் என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கழித்தார். அந்தப் பண்ணையில் தடுப்பூசி அதற்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்கியது. சினைப்பன்றிக்கு உயிருள்ள தடுப்பூசி போடாமல், குட்டி பிரித்த பின், அடுத்து இனம் சேர்க்கும் முன் போடச் சொல்வதற்கும் காரணம் இந்த வயிற்றுக் குட்டிகள்தான்.

இனி அந்த ‘பவர்’ விஷயத்துக்கு வருகிறேன். செத்த வைரஸ் தடுப்பூசிகளுக்கு அது உண்மையிலேயே வேண்டும். உயிருள்ள வைரஸ் உடம்பில் பெருகித் தானே எச்சரிக்கை மணி அடிக்கும். கொல்லப்பட்ட வைரஸுக்கு அந்தத் திறமை கிடையாது. அதோடு உடம்பை உசுப்பும் பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அட்ஜுவன்ட் என்பது அதைத்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தொழில்காரர் என்பதில் எனக்குப் பெருமை. காஸ்டன் ராமோன், பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர். தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்மருந்து எடுப்பதற்காகக் குதிரைகளுக்கு ஊசி போட்டுவந்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ்கட்டி வந்த குதிரைகள் மற்றவற்றைவிட அதிக எதிர்மருந்து கொடுப்பதைக் கவனித்தார். கட்டியை நாமே வரவழைத்தால் என்ன என்று யோசித்து, மரவள்ளி மாவு, ரொட்டித்தூள் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஊசி மருந்தோடு கலந்து பார்த்தார். பலித்தது. இது 1925 வாக்கில். மறு ஆண்டே இங்கிலாந்தில் கிளென்னி குழுவினர் அலுமினிய உப்பும் அதே வேலையைச் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் குழந்தைகளுக்குப் போடும் பல தடுப்பூசிகளில் இருப்பது அலுமினிய உப்புதான். சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த ஒரு பன்றிப் பண்ணைக்காரரிடம் இதைச் சொன்னேன். “அப்போ நம்ம மாவையே கலந்துரலாமா சார்?” என்றார். வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அலுமினியம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது என்பதைப் பன்றியின் கோமாரி நோய் எங்களுக்குக் காட்டியது. மாட்டுக்குப் போட்டுவந்த கோமாரித் தடுப்பூசி அலுமினிய ஜெல்லும் சாப்போனினும் கலந்தது. மாட்டில் ஓரளவு நன்றாகவே வேலை செய்தது. அதையே பன்றிக்குப் போட்டால் பேருக்குத்தான். பன்றிக்குக் கோமாரி வந்தால் மூக்கின் மேல் கொப்புளம், குளம்பு கழன்று விழும், எழ முடியாமல் முழங்காலில் ஊர்ந்து தீவனத்துக்கு வரும். பால் குடிக்கும் குட்டிகள் இதயத் தசை கெட்டு, கொப்புளம் தெரியுமுன்பே செத்துக் கிடக்கும். அதோடு, நோயுற்ற ஒரு பன்றி மூச்சில் வெளியேற்றும் வைரஸ் ஒரு மாடு வெளியேற்றுவதைவிடப் பல மடங்கு. பன்றியை விட்டுவிட்டு மாட்டுக்கு மட்டும் போட்டால் ஊரில் கோமாரி நிற்காது.

எண்ணெய் கலந்த தடுப்பூசி வந்த பிறகுதான் பன்றிக்குக் கோமாரி ஊசி போட்டதில் பொருள் வந்தது. கனிம எண்ணெயையும் மருந்து நீரையும் பிரியாமல் குழைத்துச் செய்வது. ஆரம்பத்தில் வந்தவை கூழ் மாதிரி கெட்டி. சிரிஞ்சின் பிஸ்டனை அழுத்திக் கட்டைவிரல் வீங்கிவிடும். பிறகு வந்த இரட்டைக் குழம்பு வகையில், நீருக்குள் எண்ணெய்த் துளி, அந்தத் துளிக்குள் மறுபடி நீர் என்று அமைத்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக, ஊசியில் சுலபமாக இறங்கும். மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருவதோடு, எண்ணெய் அந்த இடத்தில் ஒரு மெல்லிய அழற்சியை உண்டாக்கி, எதிர்ப்பு அணுக்களை அங்கே இழுத்துவருகிறது. ராமோனின் கட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், கட்டி ஆகாது. அதற்காக எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. எண்ணெயோடு செத்த காசநோய்க் கிருமியையும் சேர்த்துச் செய்வது ஃபிராயின்ட் அட்ஜுவன்ட். அதைப்போல உசுப்புவது வேறொன்றும் இல்லை. ஆனால் ஊசி போட்ட இடம் புண்ணாகி அழுகும். ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளலாம், இறைச்சிக்கு வளர்க்கும் பிராணிக்குப் போட முடியாது.

முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்தில் மறு ஊசி. எண்ணெய் மருந்திலும் இந்த மறு ஊசியை விட்டால் பாதிப் பயன்தான். 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசிக்குப் பன்றியையும் சேர்த்தார்கள். இது நாங்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தது.

எண்ணெய் மருந்து வந்ததும் ஐஸ் பழக்கம் புதுத் தொல்லையானது. உலர்த்திய உயிருள்ள மருந்து ஃபிரீசரில் வைத்தால் கெடாது. எண்ணெய் மருந்து உறைந்தால் போச்சு. எண்ணெயும் நீரும் பிரிந்து பாட்டிலில் இரண்டு நிறமாக நிற்கும். குலுக்கினால் கலந்த மாதிரி தெரியும், ஆனால் அது செத்த மருந்து. இரண்டையும் ஒரே ஃபிரீசரில் போட்டு, பனிக்கட்டி படர்ந்த பாட்டிலை எடுத்துக் கையில் உருட்டிக் கரைத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைத்து, போடுவதற்குச் சற்று முன் வெளியே எடுத்துக் குளிர் தணிந்த பிறகு போட்டால் ஊசியும் சுலபம், பன்றிக்கு வலியும் குறைவு.

ஊசியின் நீளத்துக்கு யாரும் தனி ஆராய்ச்சி வைப்பதில்லை. ஆனால் நான் பார்த்த பண்ணைகளில் இதைத் திருத்தியதில் கிடைத்த பலன் எந்தப் புது மருந்திலும் கிடைக்கவில்லை. பன்றியின் கழுத்தில் தோலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை. அதில் ரத்த ஓட்டம் குறைவு. மருந்து அங்கேயே தங்கினால் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பார்க்கக்கூட மாட்டா. குட்டிக்குப் போடும் குட்டை ஊசியால் இருநூறு கிலோ தாய்ப்பன்றிக்குப் போட்டால் முழுதும் கொழுப்பில்தான் இறங்கும். வளர்ந்த பன்றிக்கு ஒன்றரை அங்குல ஊசி வேண்டும். காதுக்குச் சற்றுப் பின்னால், தோல் மடிப்பு முடியும் இடத்தில், நேராக உள்ளே போக வேண்டும். கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டாலும் கொழுப்பு அதிகம். தொடையில் போடக்கூடாது. அது விலை உயர்ந்த கறி, அங்கே கட்டி வந்தால் கசாப்புக்காரர் பண்ணைக்காரரைத் திட்டுவார், பண்ணைக்காரர் நம்மைத் திட்டுவார். நோய் பரவிக்கொண்டிருக்கும் பண்ணையில் பன்றிக்கு ஒரு ஊசி என்று மாற்றியாக வேண்டும். ஒரே ஊசியால் வரிசையாகப் போட்டுக்கொண்டு போனால் நோயைத்தான் வரிசையாகப் போடுகிறோம்.

தீவனத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் கோத்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் பச்சை பூத்து வரும். அதை மாட்டுக்குப் போடத் தயங்குபவர்கூடப் பன்றிக்குத் தாராளமாகப் போடுவார். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் செத்தபோது, காரணம் கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை என்று தெரிந்தது. அஃப்ளாடாக்ஸின் அப்படித்தான் உலகத்துக்கு அறிமுகமாயிற்று. அவ்வளவு அதிகமாக இருந்தால் செத்துவிடும், நமக்கும் தெரிந்துவிடும். கொஞ்சமாக இருந்தால்தான் ஆபத்து. பன்றி தின்னும், மெதுவாக வளரும், ஆனால் எதிர்ப்பு அணுக்கள் மந்தமாகிவிடும். தடுப்பூசிக்கு அந்த உடம்பு சரியாகப் பதில் சொல்லாது. மழைக்காலத்தில் ஊசி பலிக்கவில்லை என்று அழைக்கும் பண்ணையில் நான் முதலில் பன்றியைப் பார்ப்பதில்லை, தீவன மூட்டையைப் பிரித்து மோந்து பார்ப்பேன்.

குடற்புழுவும் அதே. உருண்டைப் புழு அடைத்த குடலோடு நிற்கும் குட்டிக்கு உடம்பின் கவனம் புழுவின் மேல் இருக்கும். பத்து நாள் முன்னதாகப் புழு நீக்கிவிட்டு ஊசி போடுவது என் வழக்கம். லெவாமிசோல் என்ற புழு மருந்து எதிர்ப்புச் சக்தியையும் தூண்டும் என்று பல ஆய்வுகள் உண்டு. எனக்கு அது பிடித்த மருந்துதான், ஆனால் அதனால் வந்த நன்மையில் பெரும்பங்கு புழு செத்ததால் வந்தது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் வெயில், இம்முறை பன்றியின் உடம்பில். பன்றிக்கு வியர்த்துக் குளிர வழியில்லை. சித்திரை மதியத்தில் மூச்சிரைக்கும் பன்றியைத் துரத்திப் பிடித்து ஊசி போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல். விடியற்காலையில், தண்ணீர் அடித்துக் குளிர்வித்த பிறகு போட வேண்டும். பால் மறக்கடிப்பு, விதை நீக்கம், இடமாற்றம், ஊசி எல்லாவற்றையும் ஆள் கிடைத்த ஒரே நாளில் முடித்துவிடும் பழக்கம் பெரிய பண்ணைகளிலேயே இருக்கிறது. குட்டி அன்றைக்கு எதையென்று சமாளிக்கும்?

2013இல் மிசோரத்தில் புதிதாக ஒரு நோய் தெரியவந்தது, இனப்பெருக்க சுவாச நோய். அதன் வைரஸ் குடியிருப்பதே நுரையீரலின் பாதுகாவல் அணுக்களில். காவலனையே பிடித்துக்கொண்டால் மற்ற ஊசிகள் என்ன செய்யும்? அது உள்ள பண்ணையில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியும் சறுக்கும் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்கு நேர்மாறாக, சர்க்கோ வைரஸுக்கு எதிரான தடுப்பூசி மேல்நாட்டில் 2006க்குப் பிறகு பெரிய வெற்றி. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் பூச்சி அணுக்களில் உற்பத்தி செய்து, நல்ல அட்ஜுவன்ட் சேர்த்து, மூன்று வாரக் குட்டிக்குத் தாயின் ஆன்டிபாடி இருக்கும்போதே போடுகிறார்கள், பலிக்கிறது. அட்ஜுவன்ட் சரியாக அமைந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த சாட்சி அதுதான்.

கருத்தரங்குகளில் இப்போது கேட்பவை வேறு. பாக்டீரியாவின் டி.என்.ஏ. போலவே செய்த சிறு துண்டுகளைத் தடுப்பூசியோடு சேர்ப்பது, எதிர்ப்பு அணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் புரதங்களையே கொடுப்பது, ஊசியே இல்லாமல் அழுத்தத்தில் தோலுக்குள் பாய்ச்சுவது. கடைசியாகச் சொன்னது கம்பெனிக் கருவியாகவே வந்துவிட்டது. தோலில் காவல் அணுக்கள் அடர்த்தி என்பதால் சிறிய அளவு மருந்தே போதும், ஊசி வழியே நோய் தாண்டுவதும் நிற்கும். நம் ஊர்ச் சிறு பண்ணைக்கு அதன் விலை கட்டாது. மற்றவை கூண்டுக்குள் நிற்கும் ஆறு பன்றிகளில் அழகாக வேலை செய்கின்றன. அவற்றை மறுக்க எனக்குத் தகுதியில்லை, நம்பிக் காத்திருக்க வயதுமில்லை.

எனக்கு நிறைவு தந்தது 2020 பிப்ரவரியில் வந்த செய்தி. இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டு வைரஸையே எடுத்துச் செல் வளர்ப்பில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி செய்துவிட்டது. முயலைக் கொல்ல வேண்டாம். பழைய மருந்து டோஸ் 15, 20 ரூபாய் என்றால் இது இரண்டு ரூபாய்க்கும் குறைவு என்றார்கள். அள்ள அள்ளச் செய்யலாம்.

கொரோனாவுக்குப் பிறகு ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்ற பெயரில் டானிக் விற்பவர்கள் பண்ணை வாசலுக்கே வருகிறார்கள். லிட்டர் விலை நூற்றுக்கணக்கில். வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம் குறைவாக இருக்கும் பன்றிக்கு அவற்றைக் கொடுத்தால் ஊசிக்கு நல்ல பதில் கிடைக்கும், உண்மை. குறையே இல்லாத பன்றிக்குக் கொடுத்தால் கழிவோடு போகும், உங்கள் பணமும் கூடவே போகும். அந்தக் காசில் ஒரு நல்ல ஐஸ் பெட்டியும் ஒரு வெப்பமானியும் ஒரு டஜன் நீள ஊசியும் வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாம், அருணாசலத்தில் நுழைந்தது, 2022இல் வயநாட்டுக்கு வந்தது, 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. பெயர் ஒத்திருந்தாலும் இது முற்றிலும் வேறு வைரஸ். பழைய பன்றிக் காய்ச்சல் ஊசி இதற்குச் சல்லிக்காசு பயன்படாது. இதன் வைரஸைக் கொன்று நவீன அட்ஜுவன்ட்டுகளோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தும் பன்றிகள் செத்தன. வியட்நாம் 2022இல் உயிருள்ள தடுப்பூசி ஒன்றுக்கு அனுமதி கொடுத்து, ஊசி போட்ட பன்றிகள் செத்ததும் சில மாதங்களிலேயே நிறுத்திவைத்தது. மறு ஆண்டு அதையும் வேறு ஒன்றையும் விற்பனைக்கு விட்டது. நம் நாட்டில் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற தடுப்பூசி கிடையாது. ஆகவே யாராவது குப்பியோடு வந்து இதற்கு மருந்து என்றால் வாங்காதீர்கள். ஹோட்டல் கழிவு போடுபவராக இருந்தால் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறிக் காய்ச்சிய பிறகே தொட்டியில் ஊற்றுங்கள், பன்றி வாங்க வரும் வியாபாரியின் வண்டியை வேலிக்கு வெளியே நிறுத்துங்கள், ஒரே வாரத்தில் மூன்று நான்கு பன்றி செத்தால் மறைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.